பார்வை திரும்பிய தூண்

பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்றவனிடம் கேட்டால் அறிவுரை வரும் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அறிவுரை சொல்ல வராது, திட்டத்தான் வரும். முப்பது வருடம் வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் வாயில் வேறென்ன இருக்கும்? அதனால் என்னையே நான் திட்டிக்கொள்ளும் ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். நாற்பத்திரண்டு பெண்கள் ஏறிப் போகிற ஒரு பேருந்துக்கு, ஓடத் தகுதியானது என்று நான் கையெழுத்துப் போட்ட சம்பவம் அது.

நீங்கள் இப்போது வண்டிகளைச் சோதிக்கும் கூடம் புதியது, கூரை உயரமானது, தரை பாறை வரை தோண்டிப் போட்டது. நாங்கள் ஆரம்பித்தபோது கோவில்பட்டிக்கு வெளியே, விளாத்திகுளம் போகிற சாலையில், கரிசல் தரிசு ஒன்றில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்தோம். நாலு பேர்தான். அதில் நான் பொறுப்பாளர். மெக்கானிக் சண்முகையா. திரைக்கு முன்னால் உட்கார்ந்து ரோபோவை ஓட்டுகிற ஞானசெல்வி, எப்போதும்வென்றானிலிருந்து பஸ் பிடித்து வருகிற பொண்ணு. அப்புறம் ஒரு வாட்ச்மேன், அவர் இந்தக் கதையில் வரமாட்டார். பகலில் தூங்குகிறவர்.

ரோபோ என்றால் உங்களுக்குத் தெரியும். முழங்கால் உயரம்கூட இல்லாத பெட்டி, நாலு சக்கரம். வண்டியின் அடியில் ஊர்ந்து போய் மேலே பார்த்துப் படம் எடுக்கும். நாங்கள் அதை ஆமை என்போம். ஆமைக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. அதன் உடம்பில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட அட்டை ஒட்டியிருக்கும். வண்டி நிற்கும் தடத்திலிருந்து முப்பது அடி தள்ளி ஒரு சிமெண்டுத் தூண். அதற்குள் ஒரு கேமரா. அந்தக் கேமரா அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஆமை இப்போது இங்கே நிற்கிறது, இவ்வளவு நகர்ந்தது என்று சொல்லும். ஆமை எடுத்த படத்தில் ஒரு விரிசல் தெரிந்தால், அது வண்டியின் எந்த இடம் என்று சொல்வது தூண்தான். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று ஒரு கணக்கும் கூடவே ஓடும். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் தூண் சொல்வதை நம்பு என்று அமைத்திருந்தோம். சக்கரம் வழுக்கும், சிமெண்டுத் தூண் எங்கே போகப்போகிறது என்பது நியாயம். அந்த நியாயத்தைக் கண்டுபிடித்த மகான் நான்தான்.

வண்டிக்கு அடியில் பார்க்க வேண்டும் என்பதால் கேமராவைத் தாழ்வாக, முழங்காலுக்குக் கீழே ஒரு சதுரத் துளையில் வைத்தோம். தூண் இடுப்பு உயரம். மழைத் தண்ணீர் நிற்கக் கூடாதென்று கொத்தனார் உச்சியைக் கொஞ்சம் கூராகச் சரித்துவிட்டார். வெள்ளையடித்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே திக்கென்றது. சாட்சாத் சுடலைமாடன் பீடம், எங்கள் பக்கம் சாமியாக நிற்கிற வெள்ளைத் தூண். விளக்கு வைக்கிற மாடத்தில் விளக்குக்குப் பதிலாக ஒரு கண் இருந்தது.

எனக்குத் தோன்றியது டிரைவர்களுக்குத் தோன்றாமல் இருக்குமா? முதல் மாதமே தூணின் நெற்றியில் மஞ்சள் ஏறியது, அதன்மேல் குங்குமம். பிறகு யாரோ ஒருவர் வண்டியைத் தடத்தில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து அதன் காலடியில் ஊற்றினார். அந்த வண்டி தேறிவிட்டது. அடுத்த நாளிலிருந்து எல்லோர் கையிலும் குடம். வண்டியைக் கழுவிக் கொண்டுவாங்கள் என்று சொன்னால் ஊரில் தண்ணீர் இல்லை என்பார்கள். தூணுக்கு மட்டும் ஒரு குடம் எப்படியாவது கிடைத்துவிடும்.

கேமரா நனையக் கூடாது என்று மட்டும் சத்தம் போட்டேன். அதற்குப் பிறகு மரியாதையாக ஒரே பக்கத்தில், கண்ணுக்குப் பின்னால் இடது காலடியில் ஊற்றினார்கள். தினமும் ஏழெட்டுக் குடம். ஒரு ஆள் பிழைப்புக்காகக் கும்பிடுகிறான், நமக்கென்ன நஷ்டம் என்று விட்டுவிட்டேன். கரிசல் காட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்த மண் தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்த விஷயம் தேவைப்படுகிற நேரத்தில் தலைக்குள் வராமல் போவதைத்தான் இந்தத் தொழிலில் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மாசி முடியும்போது கூடத்தில் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. உச்சிவெயிலில் வேலை நின்றுவிடும். தகரம் சூட்டில் டப்பென்று வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். சாலையில் ஈ காக்கை இருக்காது. அந்த நேரத்தில் சாப்பிட உட்காரும்போது யாரும் தூணுக்கு நேரே உட்காருவதில்லை என்பதை ஒரு நாள் கவனித்தேன். யாரும் பேசி வைத்துக்கொண்டு செய்யவில்லை. மாதாவைத் தவிர வேறு யாரையும் கும்பிடாத ஞானசெல்விகூட நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்றாள். அங்கே வெளிச்சம் எதுவும் அடிக்கவில்லை.

அவள்தான் முதலில் சொன்னாள், நிறுத்தி வைத்த ஆமை திரையில் நகர்கிறது என்று. கொஞ்சம் கொஞ்சமாக, கண்ணுக்குத் தெரியாமல் கடிகாரத்தின் சின்ன முள் நகர்வதைப்போல் நகர்கிறதாம். நான் நம்பவில்லை. அவள் பிடிவாதக்காரி. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆமையைத் தடத்திலேயே விட்டு, நாலு சக்கரத்தைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். ஞாயிறு விடுமுறை. திங்கள் காலையில் பதிவை ஓட்டிக் காட்டினாள். ஆளில்லாத கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க, திரையில் அந்தப் புள்ளி மெல்ல மெல்ல ஒரே திசையில் ஊர்ந்திருந்தது. மூன்று விரற்கடை. மூன்று பேரும் போய் ஆமையைப் பார்த்தோம். சாக்பீஸ் கோட்டுக்குள் அச்சாக நின்றது.

“சக்கரம் சுத்தல சார். கோடும் கலையல. ஆனா நகர்ந்திருக்கு” என்றாள்.

சண்முகையா கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். “நகர்ந்தது அது இல்லம்மா. அதுக்கு மேல உக்காந்திருக்கது” என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும், இன்றும் அப்படித்தான். கட்டம் போட்ட அட்டை வெயிலில் உப்பியிருக்கும், புதிதாக ஒட்டு என்று ஞானசெல்வியைச் சத்தம் போட்டேன். அட்டையை மாற்றினோம். டயரை மாற்றினோம். ஆமையைக் குப்புறப் போட்டு எல்லாத் திருகையும் முடுக்கினோம். மூன்று பேருக்கும், தூணைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. நிற்பதற்கென்றே கட்டிய ஒன்றைச் சந்தேகப்பட மனம் வரவில்லை.

இதில் இன்னொரு கூத்து உண்டு. தினமும் காலையில் அளவு சரியாக இருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவோம். ஆமையை அதன் கூட்டில் நிறுத்தி, தூண் சொல்லும் இடமும் உண்மையான இடமும் ஒன்றா என்று பார்ப்பது. இரண்டு விரற்கடை வித்தியாசம் வரை விதியில் இடம் உண்டு. ஒரு நாளும் அது மீறியதில்லை. ஆமையின் கூடு எங்கே இருந்தது? தூணுக்குப் பக்கத்தில், மூன்றடி தள்ளி, நிழலுக்காக வைத்திருந்தோம். திரும்பிக்கொண்டிருக்கிற ஒன்றின் காலடியில் நின்று அளந்தால் அது திரும்புவது எப்படித் தெரியும்? தூரப் போனால்தான் பிழை பெரிதாகும். நாங்கள் வெயிலுக்குப் பயந்து நிழலில் அளந்தோம்.

பேச்சியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வயதிருக்கும். கூடத்துக்கு எதிரே, தடத்தைத் தாண்டிக் கிடக்கிற தரிசில் உடைமுள் வேலி கட்டி ஆட்டுப்பட்டி போட்டிருந்தாள். தரிசின் வலது கோடியில் இருந்த கிணறு வற்றிக் கிடந்ததால், ஆடுகளுக்குத் தண்ணீர் பிடிக்க எங்கள் குழாய்க்கு வருவாள். மாசிக் கடைசியில் ஒரு நாள் என்னிடம் வந்து, உங்க சாமி எம்பட்டியப் பாக்குது அண்ணாச்சி, அதனால பட்டியக் கிணத்துப் பக்கமாத் தள்ளிப் போட்டுட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். பீடத்துக்கு நேர் பார்வையில் ஆட்டையோ மாட்டையோ கட்டக் கூடாது என்பது அந்தப் பக்கத்து ஜனங்களின் வழக்கம். வீட்டு வாசல்கூட வைக்க மாட்டார்கள். முதலிலேயே பார்வைக்கு விலகித்தான் பட்டி போட்டிருந்தாளாம். இப்போது பார்வை வந்து விழுகிறதாம். நான் சிரித்தேன். அது சாமி இல்லைம்மா, கேமரா, ஆட்டைப் பார்க்க அதற்கு நேரமில்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். பங்குனி. முந்தின நாள் புதூர்ப் பக்கம் எதிர்பாராமல் ஒரு மழை. காலையில் ஒரு நூற்பாலைப் பேருந்து வந்தது. பெண்களை ஊர்களிலிருந்து மில்லுக்கு ஏற்றி வந்து, ஷிப்ட் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுகிற வண்டி. டிரைவர் பெயர் மாடசாமி. நல்ல மனிதர், அளந்து பேசுவார். அவர் மனைவி மாரியம்மாளும் அதே மில்லில் வேலை, அதே வண்டியில்தான் போக வர. எஃப்சி என்கிற தகுதிச் சான்று அன்றோடு முடிகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஷிப்ட் விடும்போது வண்டி மில் வாசலில் நிற்க வேண்டும்.

வண்டியின் அடி முழுக்கக் கரிசல் சேறு அப்பியிருந்தது. காய்ந்து ஓடு கட்டியிருந்தது. கழுவிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், விதியும் அதுதான். ஆனால் கழுவப் போனால் நாள் போய்விடும். மாடசாமி இரண்டு குடம் கொண்டுவந்து தூணுக்கு ஊற்றினார். கண்ணை மூடி வெகுநேரம் நின்றார்.

ஆமை உள்ளே போனது. பின்சக்கரத்துப் பக்கம் ஒரு படத்தில் ஒரு கோடு தெரிந்தது. மயிரிழை மாதிரி, வளைந்து. சேஸின் இடது நீளச்சட்டத்தில், ஸ்பிரிங் பட்டையைத் தாங்குகிற பிராக்கெட்டுக்கு ஒரு அடி முன்னால் இருப்பதாகத் தூண் சொன்னது. சண்முகையா உள்ளே போய் அந்த இடத்தில் சேற்றைச் சுரண்டினார். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார், சுத்தியலால் தட்டினார். இரும்பு மணி மாதிரி கணீரென்றது. ஒரு கீறல் இல்லை. சேறு காய்ந்து வெடித்த கோடுதான், அதை எடுத்துவிட்டேன் என்று வெளியே வந்தார். நியாயமாகத்தான் இருந்தது. வண்டி அடி முழுக்கச் சேறு வெடித்துக் கிடந்தது.

ஞானசெல்வி திரையை விட்டு எழுந்திருக்கவில்லை. “இந்தப் படத்து ஓரத்துல ஒரு போல்ட் தலை தெரியுது சார். அண்ணன் சுரண்டுன எடத்துல போல்ட் கிடையாதே” என்றாள்.

குனிந்து பார்த்தேன். சேற்றுக்குள் உருண்டையாக ஏதோ இருந்தது. போல்ட்டாகவும் இருக்கலாம், சேற்று உருண்டையாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் மில்லிலிருந்து மூன்றாவது தடவையாக போன் வந்தது. வண்டி இல்லாவிட்டால் இத்தனை பெண்கள் எப்படி ஊர் போய்ச் சேருவார்கள், நீங்கள் பொறுப்பேற்கிறீர்களா என்று ஒருவர் அதட்டினார். நான் போனைக் காதில் வைத்தபடி வெளியே நடந்தேன். மணி பன்னிரண்டரை. தூணைக் கடந்தபோது ஒரு நொடி நின்றேன். இந்த வண்டியில் ஒன்றும் இருக்கக் கூடாதப்பா என்று மனசுக்குள் ஓடியது. கை தானாக நெஞ்சுக்குப் போனது. காலம் முழுக்கச் சாமி பூதம் என்பவர்களைக் கேலி பேசியவன் நான். அந்தக் கை எப்படிப் போனது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

திரும்பி வந்து, அது சேறுதான், முடித்துவிடு என்று ஞானசெல்வியிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முடித்தாள். நான் கையெழுத்துப் போட்டேன். முன்னும் பின்னும் ஒரு முழம் சுரண்டிப் பார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பத்து நிமிட வேலை.

ஐந்து மணிக்குப் பேச்சியம்மாள் குடத்தோடு வந்தாள். முகம் சரியில்லை. அந்த வாரம் மூன்று குட்டி செத்துவிட்டது என்றாள். என்னிடம் அவளுக்கு அன்று பயமோ மரியாதையோ இல்லை.

“ரெண்டாம் மட்டமும் பட்டிய மாத்திட்டேன் அண்ணாச்சி. மொதல்ல ஆறு எட்டு தள்ளி, பெறவு நாலு எட்டு தள்ளி. இன்னைக்கு மறுபடியும் வேலிக்கிட்ட வந்துட்டு. நான் எங்கன போனாலும் பின்னாலயே திரும்புது. நீங்க அதுக்கு என்னதான் செய்யுதீய?”

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. எதை வைத்துப் பார்வை திரும்பியது என்று சொல்கிறாய் என்று கேட்டேன். தினமும் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகும்போது தூணுக்குப் பின்னால் நின்று, அதன் உச்சி விளிம்பை ஒட்டி ஒற்றைக் கண்ணால் பார்ப்பாளாம். பட்டி அந்த நேர்கோட்டில் விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவாளாம். துப்பாக்கி பிடிப்பவன் குறி பார்க்கிற மாதிரி நின்று காட்டினாள். நானும் அவள் நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். நேர் எதிரே மூன்றாவது வேலி தெரிந்தது. அதற்கு இடது பக்கம், முள் எடுத்த பிறகு புழுக்கை மட்டும் கறுப்பாகக் கிடக்கிற பழைய பட்டித் தடம் ஒன்று, அதற்கும் இடதுபுறம் இன்னொன்று. மூன்றும் வரிசையாகக் கிடந்தன.

தூணிலிருந்து தரிசுக்குள் எட்டு வைத்து எண்ணிக்கொண்டு நடந்தேன். ஏன் நடக்கிறேன் என்று அப்போதும் முழுசாகத் தெரியாது. வெயில் சாய்ந்திருந்தது. காலுக்குக் கீழே கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பாதி தூரத்தில் பின்னால் ஹாரன் சத்தம். சாலையில் மாடசாமியின் பேருந்து, சன்னல் நிறையப் பெண்கள். காரியம் முடிந்த சந்தோஷத்தில் எனக்காகத்தான் அடித்தார். நானும் கையைத் தூக்கி ஆட்டினேன். பிறகு எண்ணிக்கையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

முதல் பட்டித் தடம் வரை முந்நூறு தப்படி. அங்கிருந்து இப்போதைய வேலி வரை பத்துத் தப்படி. முந்நூறுக்குப் பத்து. அப்படியானால் முப்பது அடிக்கு ஒரு அடி.

தூணிலிருந்து வண்டி நிற்கும் தடம் முப்பது அடி. தூண் திரும்பியது கிணற்றுப் பக்கம். வண்டியின் பின்பக்கமும் கிணற்றுப் பக்கம்தான். தூண் ஒரு இடத்தைக் காட்டினால், உண்மையான இடம் அதற்கு ஒரு அடி பின்னால். பிராக்கெட். ஞானசெல்வி பார்த்த போல்ட். சேற்றில் அல்ல, இரும்பில்தான் விரிசல். அந்தத் தரிசின் நடுவில் நின்று தூணைத் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து அந்தக் கண் என்னை நேராகப் பார்த்தது. ஆறு வாரமாக எங்கள் எல்லோர் முன்னாலும் அது திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. அதைப் பார்த்தது ஆடு மேய்க்கிற ஒருத்தி மட்டும்தான்.

ஓடி வந்தேன். மாடசாமிக்குப் போன் போட்டால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. ஓட்டும்போது போன் எடுக்காதே என்று அவருக்கு வகுப்பு எடுத்தவனும் நான்தான். ஞானசெல்வி மில்லின் நேர அலுவலகத்தைப் பிடித்து மாரியம்மாளின் எண்ணை வாங்கினாள். அதற்குள் பதினைந்து நிமிடம் போய்விட்டது. எட்டயபுரம் தாண்டினால் ஒரு ஓடையில் சாலை இறங்கி ஏறும். அந்த இறக்கத்தில் பிரேக் போடும்போது வண்டியின் பாரம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். மாரியம்மாள் போனை எடுத்ததும் முதலில் நான் குரலைச் சரிப்படுத்திக்கொண்டேன். நான் பதறினால் அவள் கத்துவாள். அவள் கத்தினால் அவர் பிரேக்கை மிதிப்பார்.

“கூடத்துல இருந்து பேசுதேம்மா. ஒங்க வீட்டுக்காரர்ட்ட மெதுவா ஓரங்கட்டச் சொல்லு. சடக்குன்னு பிரேக் அடிக்க வேண்டாம், ஆக்சிலேட்டர மட்டும் விட்டாப் போதும். நின்ன பெறவு எல்லாரும் இறங்கிருங்க.”

“என்ன சார் ஆச்சு?”

“நான் காலையில தப்பாப் பாத்துட்டேன்.”

பிறகு போனில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் முன்னால் நடந்து போவது, யாரிடமோ வழி விடச் சொல்வது, பிறகு மாடசாமியின் குரல் ஏதோ மறுத்துச் சொல்வது. எனக்கு எதுவும் தெளிவாகக் கேட்கவில்லை. ஞானசெல்வி வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். சண்முகையா பைக்கைக் கிளப்பி வாசலில் நிறுத்திக்கொண்டு எதையும் பார்க்காமல் நின்றார். வெகுநேரம் கழித்து மாரியம்மாள், நின்னுட்டு சார் என்றாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்கிற நேரம். ஓடை இறக்கத்துக்கு இருநூறு அடி இந்தப் பக்கம் வண்டி நின்றது. பெண்கள் சாலையோரம் வரிசையாக நின்றிருந்தார்கள். நாற்பத்திரண்டு பேர். இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் கரிசல். மாடசாமி முகம் கொடுக்கவில்லை. சண்முகையாவும் நானும் அடியில் நுழைந்தோம். போன் வெளிச்சத்தில் காலையில் சுரண்டிய இடம் பளிச்சென்று இருந்தது. அதிலிருந்து ஒரு அடி பின்னால் நான் சுரண்டினேன். சேறு பாளமாக உதிர்ந்தது.

விரிசல் போல்ட் துளையிலிருந்து கிளம்பிச் சட்டத்தின் அடி வரை ஓடியிருந்தது. நகம் உள்ளே போனது. இரண்டு போல்ட்டில் ஒன்று இல்லவே இல்லை. பிராக்கெட்டைக் கையால் அசைத்தால் அசைந்தது. விரிசலுக்குள் துரு பழுப்பாகப் படிந்திருந்தது. அன்றைக்கு விழுந்த விரிசல் அல்ல. காலையில் என் முன்னால் நின்றபோதே அது இருந்தது. சண்முகையா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாளே கூடத்தைப் பூட்டினோம். அந்த ஆறு வாரத்தில் தேறிய எல்லா வண்டிகளையும் திரும்ப அழைத்து, கையாலேயே தடவித் தடவிப் பார்த்தோம். என் தவறை நானே எழுதி மேலே அனுப்பினேன். தூணைத் தோண்டியபோது அடித்தளத்தின் ஒரு பக்கம் களிமண்ணாக உப்பியும், மறுபக்கம் கை நுழைகிற அளவுக்கு வெடித்தும் கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் தூண் நின்ற இடத்திலேயே முறுக்கிக்கொண்டிருந்தது. எல்லாம் மண்ணும் தண்ணீரும் செய்த வேலை. காரணம் தெரிந்துவிட்டது. இப்போது நீங்கள் ஆழமான அடித்தளம், மூன்று கேமரா, தடத்தின் கடைசி முனையில் காலைச் சோதனை என்று வேலை செய்கிறீர்களே, அதெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. ஆனால் காரணம் தெரிந்த பிறகும் எனக்கு விலகாத ஒன்று உண்டு. அது அந்தச் சாலையோரத்தில் நடந்தது.

நான் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்து, என்ன இருக்கிறது என்று மாடசாமியிடம் சொன்னேன். ஏற்கனவே தெரிந்தவர் மாதிரி நின்றார். பிறகு என்னைப் பார்க்காமல், ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

“பத்து நாளாப் பின்னால டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம் சார். எஃப்சி ஆகட்டும், பெறவு பாத்துக்கலாம்னு இருந்தேன். இன்னைக்கு ரெண்டு குடம் ஊத்துனேன். இது மட்டும் ஒன் கண்ணுல பட்டுராம வேற பக்கம் பாத்துக்கோன்னு கேட்டேன். அதும் வேற பக்கம் பாத்துக்கிட்டுது, சார்.”

மாரியம்மாள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். தூக்குவாளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“நான் இதுலதான் வாரேன்னு தெரிஞ்சுதானே கேட்டீய?” என்றாள்.

வண்டிக்குள் ஏறி, டிரைவர் இருக்கைக்கு மேலே செருகி வைத்திருந்த சான்றிதழை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மங்கிய வெளிச்சத்தில் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். பிறகு என்னிடம் நீட்டி, கீழ்ப்பக்கத்தில் விரலை வைத்தாள்.

“இங்கன போட்டிருக்கது யார் கையெழுத்து?”

“என்னுதும்மா. நானும் மத்தியானம் அந்தத் தூண்கிட்ட அதைத்தான் கேட்டேன்” என்றேன்.

மாற்று வண்டி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை அந்தத் தாளை அவள் என்னிடம் திருப்பித் தரவில்லை.